தங்கத் தூணும் தங்கச்சி போனும்

தங்கத்தை அமுக்கினால் நசுங்கும். நசுங்கிய தங்கம் நசுங்கியபடியே கிடக்கும். கால்பட்டு நெளிந்துபோன மோதிரம் தானாக வட்டமாகும் என்று யாரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தூணம்மாவின் தங்கம் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்க மறுத்தது. சில நாட்களில், அமுக்கிய கருவியை மேலே தூக்கியதும், ஆள் எழுந்துபோன சோபா மெத்தை உப்புவதுபோல் அது மெல்ல உப்பி, இழந்த உயரத்தில் பாதிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டது. வேறு சில நாட்களில் அதே தங்கம், அதே அளவு, அதே அழுத்தம், படுத்தது படுத்ததுதான்.

எந்த நாளில் எழும், எந்த நாளில் எழாது என்பதுதான் பிடிபடவே இல்லை.

தூணம்மா என்பது வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். தூண்களை அமுக்குவது அவள் வேலை. கட்டடத் தூண்கள் இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு தூண்களை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சின்னவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு படிகம். அதாவது, உள்ளே இருக்கும் தங்க அணுக்கள் எல்லாம் கொத்தனார் நூல் பிடித்து அடுக்கிய செங்கற்களைப்போல் ஒழுங்காக ஒரே அடுக்கில் நிற்கும். இந்தத் தூண்களை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து, தட்டையான வைர முனை ஒன்றால் மேலிருந்து அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி, மறுபடி விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பாள்.

நுண்ணோக்கி இருந்தது நிலத்தடி அறையில். ஜன்னல் கிடையாது. மேலே யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால்கூடத் திரையில் படம் நடுங்கும் என்பதால் அதைக் கீழே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பீரோ உயரத்துக்கு ஒரு உலோகப் பெட்டி, அதைச் சுற்றிக் குழாய்கள், முன்னால் ஒரு மேசை, மேசையில் இரண்டு திரை, யாரும் தொடாத பழைய தொலைபேசி ஒன்று, தூணம்மாவின் குளிர்ச் சால்வை. குளிர்சாதனம் மெஷினுக்காக ஓடியது. மனுஷர்கள் சால்வை கொண்டுவர வேண்டியதுதான்.

வெறும் ஆர்வத்துக்காக இந்த வேலை நடக்கவில்லை. காதுக்குள் பொருத்திக்கொள்ளும் கேட்புக் கருவி செய்கிற ஒரு நிறுவனத்துக்குச் சிக்கல் ஒன்று இருந்தது. கருவியின் பொத்தானுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத தங்கக் கால்கள் உண்டு. பொத்தானைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்கள் அமுங்குகின்றன. ஆயிரக்கணக்கில் தட்டிய பிறகு அவை தட்டையாகி, தொட வேண்டிய இடத்தைத் தொடாமல் போய், காது கேளாதவருக்கு மறுபடி காது கேளாமல் போகிறது. கால்கள் அமுங்கிவிட்டு எழுந்துகொண்டால் தீர்ந்தது விஷயம். தூணம்மாவின் தூண்கள் எழுந்த படத்தை ஆய்வுக்கூடத் தலைவர் அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள். நேரிலும் எழுந்தால் வேலை தொடரும். எழாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். தூணம்மாவின் பதவி அந்தக் கடைக்குள்தான் இருந்தது.

முதலில் சந்தேகப்பட்டது சிற்பியை.

சிற்பி மாடியில் தூண் செதுக்குகிறவன். கல்லும் உளியும் இல்லாமல், ஒரு அயனிக் கதிரை வைத்துத் தங்கத் தகட்டில் சுற்றிலும் குழி தோண்டி, நடுவில் ஒரு தூணை மிச்சம் வைப்பான். வேலையில் கெட்டிக்காரன். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதிலும் கெட்டிக்காரன்.

"சில தூணை அவசரத்துல செதுக்கிடறீங்களோ?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"தூணம்மா, என் கையைப் பத்தி என்ன வேணா பேசுங்க. என் தூணைப் பத்திப் பேசாதீங்க." அவன் நாற்காலியைச் சுழற்றித் திரும்பிக்கொண்டான். "ஒரே தகட்டுல ஒரே நாள்ல பத்துத் தூண் குடுத்தேன். அதுல நாலு எழுந்துச்சு, ஆறு படுத்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் அந்த நாலுக்கு மட்டும் தாலாட்டுப் பாடாம விட்டேனா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்துத் தூண்களே இரண்டு விதமாக நடந்துகொண்டன. அப்படியென்றால் தங்கத்தின் மீதும் பழி போட முடியாது. துரு பிடித்து மேலே ஏதாவது தோல் உண்டாகிறதா என்றால், தங்கம் துருப்பிடிக்காது. அதற்காகத்தானே அதற்கு அவ்வளவு மதிப்பு. அறையின் சூட்டைப் பார்த்தாள், மாறவில்லை. தரை நடுக்கத்தைப் பார்த்தாள், அதுவும் இல்லை. வைர முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒரு நாள் எரிச்சலில் சால்வையைக்கூட மாற்றிப் பார்த்தாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் மிஞ்சியது அவளேதான். தன் கவனம்தான் சிதறுகிறது என்று முடிவு கட்டினாள். கவனத்தைச் சிதறடிப்பவள் யார் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை.

தங்கை அப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து இறங்கியதும் யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும். கணவர் வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டார். அக்காவோ எடுத்துவிடுவாள், பாவம். வகுப்பு உள்ள நாட்களில், முன்பகலில், தூணம்மா புதுத் தூண் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் நேரம் பார்த்து மணி அடிக்கும்.

"அக்கா, இன்னிக்கு ரிவர்ஸ். மைதானத்துல அடையாளத்துக்கு வெச்ச ஒரு கூம்பை இடிச்சுட்டேன்."

"ஒண்ணுதானா?"

"முதல்ல ஒண்ணு. அப்புறம் அந்த ஒண்ணைப் பார்த்துக்கிட்டே இன்னொண்ணை. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தக் கூம்பு ரப்பர். டயர் ஏறுச்சு, நசுங்குச்சு, இறங்கினதும் நிமிர்ந்து நின்னுச்சு. உன் தங்கத்தைவிட அது தேவலை."

"ரப்பர் அப்படித்தான்டி. தங்கம் எழுந்தாத்தான் அதிசயம்."

"ஏன் எழாது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நீ சொன்னாத் தூக்கம் வராது, அதனால தைரியமாச் சொல்லு."

தூணம்மாவுக்கு இப்படிக் கேட்டுவிட்டால் போதும்.

"உன் வீட்டுக் கட்டில்ல பெரிய விரிப்பு இருக்கில்ல? விரிச்சப்புறம் ஒரு சாண் இடது பக்கம் தள்ளணும்னு தோணுது. மொத்த விரிப்பையும் இழுத்தா நகருமா?"

"நகராது. நம்ம வீட்டு மாப்பிள்ளை அதுமேல படுத்திருந்தா சுத்தமா நகராது."

"அப்ப என்ன பண்ணுவ?"

"வலது ஓரத்துல ஒரு மடிப்பு எடுத்து, அந்த மடிப்பைக் கையால தள்ளிக்கிட்டே போவேன். மடிப்பு இடது ஓரத்துக்குப் போய் வெளியே விழுந்ததும் விரிப்பு மொத்தமும் நகர்ந்திருக்கும்."

"அதேதான் தங்கத்துக்குள்ளயும். அமுக்கும்போது அணு வரிசை மொத்தமும் ஒரே மூச்சுல நகராது. ஒரு மடிப்பு உண்டாகி, அது ஓடி, தூணோட பக்கவாட்டுல வெளியே போயிடும். போன இடத்துல ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி நிக்கும். வெளியே போன மடிப்பு திரும்பி வராது. அதனால தூண் நசுங்கினது நசுங்கினதுதான்."

"அப்ப அமுக்கிட்டே இருந்தா ஒரு நாள் மடிப்பெல்லாம் தீர்ந்துடுமே."

தூணம்மா சிரித்தாள். "நிஜமாவே தீர்ந்துடும்டி. திரும்பத் திரும்ப அமுக்கினா உள்ளே இருக்கற மடிப்பெல்லாம் ஒவ்வொண்ணா வெளியே போய், தூண் துடைச்சு வெச்ச மாதிரி ஆகிடும். அதுக்கப்புறம் பழைய பலத்துல அமுக்கினா அசையாது. முரண்டு பிடிக்கும்."

"மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லு. சரி, நான் இப்ப கூம்பு விஷயத்துக்கு வரேன்."

கூம்பு விஷயம் நீளும். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, தூணம்மா 'ம்' கொட்டிக்கொண்டிருப்பாள். போனில் பேசும்போது சிலர் காகிதத்தில் கிறுக்குவார்கள், சிலர் நூல் பிரிந்த சட்டை ஓரத்தைப் பிய்ப்பார்கள். தூணம்மாவின் கை ஃபோகஸ் குமிழைத் திருகும். திரை முழுக்க ஒற்றைத் தூண் நிற்க, அதைக் கொஞ்சம் மங்கலாக்கி, மறுபடி கூராக்கி, மறுபடி மங்கலாக்கி, பேச்சு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதைத்தான் நிறுத்த வேண்டும் என்று முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, கூம்புக் கதைக்கு இது நேரமில்லை. "இந்த வாரம் வேலை நேரத்துல பேச முடியாது, கோவிச்சுக்காத" என்று தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, போனை மாடியில் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வாரம் தூணம்மா வேலை செய்ததைப்போல் யாரும் வேலை செய்திருக்கமாட்டார்கள். பேச்சில்லை, டீயில்லை. தூணைக் கண்டுபிடிப்பாள், படத்தைப் பெரிதாக்காமல் தூரத்திலிருந்தே நேர்ப்படுத்துவாள், வைர முனையை இறக்குவாள், அமுக்குவாள், விடுவாள். கடிகாரம்போல.

ஒரு தூண்கூட எழவில்லை.

முன்பாவது நாலு எழுந்தது, ஆறு படுத்தது. இப்போது எல்லாமே படுத்தன. திங்கட்கிழமை படுத்தன, செவ்வாய்க்கிழமையும் படுத்தன. கவனமாகச் செய்யச் செய்ய மோசமாகும் வேலை உலகத்தில் வேறு ஏதாவது உண்டா என்று தூணம்மா யோசித்தாள். தூக்கம் வரவைக்கிற வேலை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை காலை தலைவர் கீழே இறங்கி வந்தார். படியிறங்கும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல வந்தார். படம் நடுங்கக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி கொண்டுவரும்போது நேராகச் சொல்லமாட்டார்கள் என்பதுதான் தொல்லை.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"இப்பதானே சார் மணி பத்து."

"ஆமால்ல." அவர் திரையைப் பார்த்தார். நசுங்கிய தூண் ஒன்று, மிதிபட்ட காகிதக் குவளைபோல் கிடந்தது. "இது எழுந்ததா, எழப்போறதா?"

"எழாது சார்."

"நேத்தையது?"

"அதுவும் எழல."

தலைவர் செருப்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "நான் அவங்ககிட்ட எழும்னு சொல்லிட்டேன். நாம காட்டின படம் பொய்யில்ல, எனக்குத் தெரியும். ஆனா எப்ப எழும்னு நமக்கே தெரியலைன்னா, அது எழுந்ததுக்குச் சமமே இல்லம்மா. மழை வரும், எப்பன்னு தெரியாதுன்னு யாரும் குடை விக்க முடியுமா?"

"குடை வித்துடலாம் சார். மழையைத்தான் விக்க முடியாது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம்வரை பாரு. கேட்டவுடனே எழ வைக்க முடிஞ்சா அவங்களை வரச் சொல்லலாம். முடியாட்டி, வர வேண்டாம்னு நானே போன் பண்ணிடறேன். கூப்பிட்டு அவமானப்படறதைவிட அது மேல்" என்றார்.

சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே படியேறிப் போனார்.

அவர் போய்ச் சிறிது நேரம்கூட ஆகவில்லை. அடுத்த தூணைத் திரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது, யாரும் தொடாத அந்த மேசைத் தொலைபேசி அலறியது. தூணம்மா பயந்தே போனாள். அதற்கு உயிர் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

எடுத்தால், மாடியிலிருந்து சிற்பி. "தூணம்மா, உங்க தங்கச்சி. ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடிச்சு என் மேசைக்குப் போட்டிருக்காங்க. இவ்வளவு நேரம் என்னைத் திட்டிட்டு இருந்தாங்க. மிச்சத்தை நீங்க வாங்கிக்கங்க, நான் இணைக்கறேன்."

"ஏன் என் தங்கச்சி உங்களைத் திட்டணும்?"

"நான்தான் உங்களை அடைச்சு வெச்சிருக்கேனாம்."

ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு தங்கையின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"செய்தி அனுப்பினேனேடி."

"கோவிச்சுக்காதன்னு அனுப்பின. அப்பதான் எனக்குக் கோவமே வந்துச்சு. நாளைக்கு டெஸ்ட் அக்கா. ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு, இது மூணாவது. பேசாம இருந்தா எனக்குக் கால் நடுங்குது. நடுங்கற காலை கிளட்ச்சுல வெச்சா என்ன ஆகும் தெரியுமா?"

தூணம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வாரம் ஏற்கெனவே நாசமாகப் போயாயிற்று. இன்னும் அரை மணி போனால் என்ன. கம்பி தொங்கிய ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கை தானாகக் குமிழுக்குப் போனது. தூணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள், மங்கலாக்கினாள், கூராக்கினாள். தங்கை ரிவர்ஸைப் பற்றிச் சொன்னாள், பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொள்வதைப் பற்றிச் சொன்னாள், மாப்பிள்ளை 'கார் நமக்கெதுக்கு, பஸ்தான் இருக்கே' என்று ஆறுதல் சொன்னதையும், அந்த ஆறுதலுக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னாள். தூணம்மா 'ம்' கொட்டினாள்.

"சரி, கால் நின்னுடுச்சு" என்றாள் தங்கை கடைசியில். "நீ போய் உன் தங்கத்தை மிதி."

வைர முனையை இறக்கினாள். அமுக்கினாள். விட்டாள்.

தூண் எழுந்தது.

தூணம்மா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி அமுக்கினாள். அமுங்கியது, விட்டதும் எழுந்தது. இன்னொரு முறை. அப்போதும் எழுந்தது. பழைய தொலைபேசியை எடுத்து மாடிக்குப் போட்டாள்.

"சிற்பி, ஓடி வாங்க. செருப்பைக் கழற்றிட்டு வாங்க."

சிற்பி வந்தான், பார்த்தான், கேட்டான். கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "விஷயம் தெரிஞ்சுபோச்சு. எழுந்த நாளெல்லாம் உங்க தங்கச்சி பேசின நாளா?"

அவள் நினைத்துப் பார்த்தாள். வகுப்பு நாட்கள். ஆமாம். அதுவும் பேச்சு முடிந்ததும் அமுக்கிய தூண்கள். சரியாகச் செய்த வேலைக்குத்தான் நல்ல பலன் வரும் என்ற நம்பிக்கையில், பேச்சுக்கும் நல்ல பலனுக்கும் உறவு இருக்கும் என்ற பக்கம் அவள் புத்தி போகவே இல்லை. எழாத தூண்களுக்குத்தான் தங்கை மேல் பழி போட்டிருந்தாள்.

"குரல்" என்றான் சிற்பி உறுதியாக. "உங்க தங்கச்சி குரலுக்கு நான் நாற்காலியை விட்டே எழுந்துட்டேன். தங்கம் எழறதுல என்ன ஆச்சரியம்? குரல் இல்லைன்னா போன் அலை."

"இது கம்பி போன். அலையே கிடையாது."

"அப்ப குரல்தான்."

தூணம்மா திரைப் பக்கம் திரும்பினாள். அடுத்த தூணைத் தேடுவதற்காகப் படத்தைச் சிறிதாக்கினாள். பத்துத் தூண்களும் சின்னச் சின்னக் குச்சிகளாகத் திரைக்குள் வந்தன. எழுந்த தூணைச் சுற்றி மட்டும், இஸ்திரிப் பெட்டி வைத்து மறந்த துணிபோல், கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது.

அந்தச் சதுரம் அவளுக்குப் புதிதல்ல. நுண்ணோக்கியில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரே இடத்தை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். படம் அசிங்கமாகும். எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய்ச் சுத்தமான இடத்தில் படம் எடுப்பார்கள். இத்தனை வருஷமாகத் தூணம்மாவும் அதைத்தான் செய்தாள். அது படத்துக்கு வந்த அழுக்கு என்றே நினைத்திருந்தாள். தூணுக்கு வந்த அழுக்கு என்று நினைத்ததில்லை.

"சிற்பி, இந்தக் கறுப்பு எதனால வருது?"

"கரி. பெட்டிக்குள்ள எவ்வளவுதான் காத்தை உறிஞ்சி எடுத்தாலும் கொஞ்சம் எண்ணெய் ஆவி, கைப்பிசுக்கு, பசை வாசனை எல்லாம் மிச்சமிருக்கும். எலக்ட்ரான் கதிர் விழற இடத்துல அதெல்லாம் வெந்து படிஞ்சுடும். அடுப்புப் பக்கத்துச் சுவரு மாதிரி."

"தூணை தூரத்துல இருந்து பார்த்தா?"

"கதிர் பெரிய இடத்துல பரவிடும். ஒண்ணும் படியாது."

"கிட்டே வெச்சு அரை மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா?"

சிற்பி குனிந்து அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தான். "உறை போட்ட மாதிரி ஆகிடும்" என்றான் மெதுவாக.

தூணம்மாவுக்குத் தங்கை வீட்டுக் கட்டில் கண்முன் வந்தது. ஓரம் தொங்குகிற விரிப்பில் மடிப்பு வெளியே விழுந்துவிடும். ஓரத்தில் எலாஸ்டிக் தைத்து மெத்தையை இறுக்கிப் பிடித்திருக்கும் விரிப்பாக இருந்தால்? மடிப்பைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் ஓரத்தில் அது மாட்டிக்கொள்ளும். பின்னாலேயே இன்னொரு மடிப்பு, அதன் பின்னால் இன்னொன்று. கதவு திறக்காத பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் நெருக்கியடித்து நிற்பதுபோல் எல்லாம் ஓரத்தில் குவியும். ஒன்றை ஒன்று தள்ளும். கையை எடுத்த நொடியில் அந்தத் தள்ளலே அவற்றை வந்த வழியே திருப்பி அனுப்பும். மடிப்புகள் திரும்பினால் தூணும் திரும்பும்.

"என் கண்ணாலயே நான் அதுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கேன்" என்றாள்.

"இல்லை, குரல்தான்" என்றான் சிற்பி, தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்தும்.

"நாளைக்கு ரெண்டையும் சோதிச்சுடுவோம்."

வியாழக்கிழமை சாயங்காலம் தலைவர் செருப்பும் கையுமாக வந்து மூலையில் நின்றார். சிற்பி அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாடியிலிருந்து இறங்கி வந்த தூணம்மாவின் போன் மேசையில் இருந்தது. அதில் தங்கை.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள் தங்கை. "பாஸ் பண்ணிட்டேன். ஒரு கூம்பு லேசா ஆடுச்சு. விழல."

"வாழ்த்துகள்மா" என்றார் தலைவர், குனிந்து போனைப் பார்த்து.

"இது யாரு?"

"எங்க தலைவர்டி. மரியாதையாப் பேசு. பேசிட்டே இரு."

முதல் சோதனை சிற்பிக்காக. தூணம்மா தூணைத் தூரத்திலிருந்து நேர்ப்படுத்தினாள், கதிரை மூடிவிட்டாள். திரை கறுத்தது. தங்கை பேசினாள். தேர்வாளரின் மீசையிலிருந்து தொடங்கி, கையெழுத்துப் போட்ட பேனாவரை ஒன்றையும் விடாமல் பேசினாள். தலைவர் இரண்டு முறை சிரித்தார். பேச்சு முடிந்ததும் கதிரைத் திறந்து, தாமதிக்காமல் தூணை அமுக்கிவிட்டாள். விட்டாள்.

தூண் படுத்துக் கிடந்தது. பக்கவாட்டில் மடிப்புகள் வெளியேறிய படிகள், சீவி விட்டதுபோல் சாய்வாகத் தெரிந்தன.

"என் குரலுக்கு மதிப்பே இல்லையா?" என்றது போன்.

"உன் குரலால ஒண்ணும் ஆகலடி. இப்ப பேசாத."

"வேலை முடிஞ்சதும் பேசாதன்னு சொல்ற பாத்தியா. கவனிச்சுக்கறேன்."

இரண்டாவது தூணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். இந்த முறை யாரும் பேசவில்லை. கதிர் தூணின் மேல் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு காலில் நின்றார், பிறகு மறு காலில் நின்றார். சிற்பி கொட்டாவி விட்டான். போனில் தங்கை எதையோ மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணிக்குப் பிறகு படத்தைச் சிறிதாக்கிக் காட்டினாள்: தூணைச் சுற்றிக் கறுப்புச் சதுரம். மறுபடி தூணிடம் போய், வைர முனையை இறக்கி, முன்பு அமுக்கிய அதே அளவுக்கு அமுக்கினாள்.

விட்டாள்.

தூண் உப்பி எழுந்தது. கேட்டவுடனே எழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார் தலைவர்.

இன்னொரு தடவை. மறுபடி. மெஷினிடமே வேலையை ஒப்படைத்தாள். அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று அது பாட்டுக்கு நூற்றுக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்ற மடிப்புகள் திரும்பி ஓடின. தூண் அமுங்கியது, எழுந்தது. சில மடிப்புகள் உள்ளேயே சிக்கிக்கொண்டு சின்னதாய் ஒரு கூன் மட்டும் நிலைத்தது. மற்றபடி பக்கவாட்டில் ஒரு படிக்கட்டுகூட இல்லை.

தலைவர் செருப்பைக் கீழே போட்டார். படம் நடுங்கியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "நாளைக்கு வரச் சொல்லிடறேன். ஆனா அவங்க கேப்பாங்க. ஒவ்வொரு கருவியையும் யாராவது அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு உக்காரணுமான்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"பார்க்கறதுதான் முக்கியம்னு இல்ல சார், உறைதான் முக்கியம். கரி எனக்குத் தற்செயலாக் கிடைச்ச உறை. அவங்க உறை போடற மெஷின்ல மெல்லிசா, விறைப்பா எதைப் போட்டாலும் சரி, தங்கத்தை இறுக்கமாச் சுத்திப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான். மேல் நுனியில மட்டும் மின்சாரம் தொடறதுக்கு வெறுமையா விட்டாப் போதும்."

"இதையே சுருக்கமா எழுதிக் குடும்மா. அப்படியே படிச்சுடறேன். நான் சொந்தமாச் சொன்னா குடை, மழைன்னு போயிடும்."

தூணம்மா சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு தட்டினாள்:

வெறும் தங்கக் காலை அமுக்கினால், உள்ளே உண்டாகும் மடிப்புகள் பக்கவாட்டில் வெளியேறிவிடும்; கால் எழாது. காலின் பக்கங்களை மெல்லிய, விறைப்பான உறையால் மூடிவிட்டால், மடிப்புகள் உறைக்கு உட்புறம் தேங்கி நிற்கும், அழுத்தம் விலகியதும் அவை ஒன்றை ஒன்று தள்ளி வந்த வழியே திரும்பும், கால் எழும். ஆகவே, அமுக்கும் முன் உறை போட வேண்டும்.